ஒட்டுப் போட்ட ரோடு ‘பாஸ்’ ஆவது எப்படி?

காஞ்சீபுரம்:
‘போன வருஷம் போட்ட ரோடு, இந்த வருஷம் பல்லைக் காட்டுதே!’

நம்ம ஊர் டீக்கடைகளில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. பழி காண்டிராக்டர் தலையில் விழும். ஆனால் கூண்டில் ஏற்ற வேண்டிய இன்னொரு ஆசாமியும் உண்டு. அதன் பெயர் கணக்கு!

முக்கிய சாலைகளுக்கு எத்தனை கனம் வேண்டும் என்று சொல்ல ‘இந்தியன் ரோடு காங்கிரஸ்’ அமைப்பின் 37-ம் எண் விதிப் புத்தகம் இருக்கிறது. 1970-ல் வந்தது. 2018-ல் நாலாவது தடவையாகத் திருத்தப்பட்டது. மண்ணின் பலம், லாரிகளின் எண்ணிக்கை, பாரம் இவற்றைச் சூத்திரத்தில் போட்டால் விடை வரும்.

சூத்திரம் வானத்திலிருந்து குதிக்கவில்லை. நிஜ ரோடுகளை வருஷக்கணக்கில் அளந்து எழுதிய விவரங்களை வைத்துச் சரிபார்த்தது. மேல்பரப்பில் நூற்றுக்கு 20 பங்கு விரிசல் கண்டாலோ, சக்கரத் தடம் 20 மில்லி மீட்டர் அழுந்தினாலோ அதன் கணக்கில் அந்த ரோடு ‘அவுட்’.

வில்லங்கம் இங்கேதான்!

அளக்க வருவதற்கு முந்தின வாரம் விரிசல் மேல் ஒட்டுப் போட்டு, அதைக் குறிக்காமல் விட்டால்? ஏட்டில் ‘நல்ல ரோடு’ என்று ஏறும். ‘இந்தக் கனமே போதும்’ என்று சூத்திரமும் ஏமாறும். குழாய்க்கு வெட்டி, அரைகுறையாக மூடிய இடம் அமுங்கினாலோ, லாரி மேல் பழி விழும். இரண்டுமே பொய்க்கணக்கு.

பாரம் செய்யும் சேதம்

அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் 1958 முதல் 1960 வரை ராணுவ டிரைவர்கள் லாரிகளை ஓட்டி ஒரு சோதனை நடந்தது. பாரம் இரண்டு மடங்கானால் சேதம் சுமார் 16 மடங்கு என்று அதில் தெரிந்தது.

இங்கே 2018-ல் மத்திய அரசு, நாலு டயர் உள்ள ஒற்றை அச்சின் பாரத்தை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக உயர்த்தியது. பாரம் நூற்றுக்கு 13 தான் கூடியது. அதே கணக்குப்படி சேதமோ 60 கூடும்! பழைய எடையை வைத்துப் போடும் ரோடு தாங்குமா?

பட்டுச்சேலை வாங்க ஆயிரம் கார் வந்தாலும் ரோடு அசையாது. ஜல்லி லாரிதான் எமன். பகலில் மட்டும் எண்ணினால் ராத்திரி லாரி தப்பிவிடும். ஏரிகள் நிறைந்த நம் மாவட்டத்தில், சித்திரை வெயிலில் மண் கல்லாக நிற்கும். ஐப்பசி மழையில்தான் அதன் சாயம் வெளுக்கும்.

என்ன செய்யலாம்?

வெட்டிய தேதி, மூடிய தேதி, ஒட்டுப் போட்ட தேதி மூன்றும் தெருவாரியாக ஏட்டில் ஏற வேண்டும். மழை முடிந்த கையோடு அளக்க வேண்டும். ராத்திரியிலும் லாரியை எடை போட வேண்டும். அந்த ஏட்டை ஜனங்கள் பார்க்க வேண்டும்.

பாவில் ஓர் இழை தப்பினால் நெசவாளிக்குத் தறியிலேயே தெரிந்துவிடும். ரோட்டுக் கணக்கு தப்பினால், ஸ்கூட்டர்காரர் பள்ளத்தில் விழும்போதுதான் தெரியும்.

கடைக்கார அண்ணாச்சிகளே! உங்கள் வாசலில் ரோட்டை வெட்டினால், தேதியைக் காலண்டரில் குறித்து வையுங்கள். நாளைக்கு அதுவே சாட்சி!