பவனியில் தெரு ஏது?

ஜூலை 26ஆம் நாளையொட்டிப் புக்கிட் மெர்தாஜாம் புனித அன்னம்மாள் கோயிலில் நிகழும் பெருவிழாவுக்குச் செல்வது, பாகான் டாலாமில் வாழும் எம்போன்றோர்க்குப் புதிதன்று. கிறிஸ்தவர் மட்டுமோ? மாரியம்மனுக்குத் தீச்சட்டி ஏந்தும் வீட்டாரும் மெழுகுவர்த்தி வாங்கிக்கொண்டு புறப்பட்டுவிடுவர். இதனை மூடப்பழக்கமென்று நகைக்கும் நண்பர் சிலர் உளர். அவரோடு எமக்கு இன்று வழக்கில்லை. “சாதி இந்துக்களின் நோய், எம் வேதத்தில் அஃது இல்லை” என்று மார்தட்டுகின்றார்களே, அவர்களோடுதான் வழக்கு.

அக்கோயிலின் பங்கு 1846இல் தோன்றியது. குன்றடியில் பயிர்செய்து வாழ்ந்த சீனக் கத்தோலிக்கரே அதன் முதல் மக்கள். தமிழர் பின்னர் வந்து சேர்ந்தவர். 1888இல் எழுந்த பழைய கோயில் இன்றும் நிற்கின்றது. அதற்கப்பால் 2002இல் பெரிய கோயில் கட்டப்பெற்றது. 2019இல் அது பசிலிக்கா என்னும் சிறப்புப் பட்டமும் பெற்றது. விழாக்காலத்தில் தமிழிலும் சீனத்திலும் மலாயிலும் ஆங்கிலத்திலும் திருப்பலி நடைபெறும். ஊற்றுநீரைப் புட்டிகளில் முகந்துகொள்வோர் ஒருபால்; பிள்ளைவரம் வேண்டி முழந்தாளிடுவோர் ஒருபால். இருள் சூழ்ந்ததும் சுரூபம் புறப்படும். பல்லாயிரம் மெழுகுவர்த்திகள் அதன் பின்னே அசையும். யாம் சென்ற இரவில், எமது திரி காற்றில் அணைந்தபோது, முன்னே சென்ற சீன மூதாட்டி ஒருவர் திரும்பி நின்று தம் திரியால் ஏற்றித் தந்தார். பெயர் கேட்டாரில்லை. ஊர் கேட்டாரில்லை. மெழுகு உருகி அவர் விரலில் வடிந்ததையும் பொருட்படுத்தினாரில்லை.

பவனியில் யார் எங்கே நடப்பதென்பது வெறும் பக்தி விஷயமன்று, வாசகர்களே! இன்னார் இவ்வூர்க்கு உரியவர் என்று ஊரறியச் சொல்லும் விஷயம் அது. தென்னமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநகராகிய குஸ்கோவை நோக்குமின். ஸ்பானியர் வென்றடக்கிய அந்நகரில், நற்கருணைத் திருநாளன்று ஒவ்வொரு பங்கின் சுரூபமும் பேராலயத்துக்குச் சுமந்து செல்லப்படும். அங்குள்ள அன்னம்மாள் கோயிலுக்கென 17ஆம் நூற்றாண்டில் தீட்டப்பட்ட ஓவியங்களில், இன்கா குலத் தலைவர்கள் தம் முன்னோரின் உடையணிந்து பவனியில் நடக்கக் காணலாம். நாட்டை இழந்தவர்கள் வரிசையில் தம் இடத்தை இழக்க இசைந்திலர்.

நம்மவர் நிலை யாது? நெல்லைச் சீமையின் வடக்கன்குளத்தில் 1872இல் முடிந்த கோயிலில், ஒரே பீடத்தை நோக்கிச் சாதிக்கொன்றாக இரண்டு மண்டபங்கள் இருந்தன. ஆண்டவர் ஒருவர், அவரைப் பார்க்கும் வழி மட்டும் இரண்டு! 1910இல் பிரிவுச்சுவரைக் குருவானவர் இடித்தார். அதனைப் பொறாதார் நீதிமன்றம் ஏறித் தோற்றனர். பழங்கதை என்பீரோ? 2008 மார்ச்சில் விழுப்புரம் பக்கத்து எறையூரில் நடந்தது என்ன? தலித் கத்தோலிக்கர் தம் பிணத்தைப் பெரிய தெருவழியே கோயிலுக்குச் சுமந்து செல்லவும் தடை இருந்தது. அவர்கள் தமக்கெனத் தனிப்பங்கு கேட்டனர். கலகம் மூண்டது, போலீசார் சுட்டதில் இருவர் மாண்டனர். அடித்தவரும் அடிபட்டவரும் ஒரே செபமாலையை உருட்டுவோர்.

“அஃது அக்கரைச் சங்கதி, கப்பலேறியபோதே சாதியைக் கடலில் எறிந்துவிட்டோம்” என்று கூறுவோர்க்கு, அன்றிரவு பேருந்தில் நிகழ்ந்ததை உரைப்போம். அருகில் அமர்ந்த பெரியவர் நல்லவர். பவனியில் எம்மோடு தோளுரச நடந்தவர். தம் பேத்திக்கு வரன் தேடுவதாகச் சொல்லி, எமது தம்பியின் வேலையை விசாரித்தார். துறைமுக வேலையென்றதும் மகிழ்ந்தார். பின்னர்க் குரலைத் தாழ்த்தி, “தம்பி, உங்களுக்கு எந்தத் தெரு?” என்றார்.

“பாகான் டாலாம், ஐயா” என்றோம்.

“அதில்லை தம்பி. அங்கே, தாத்தா ஊரில்.”

அவர் கையில் பாதி எரிந்த மெழுகுவர்த்தி இருந்தது. பட்டர்வொர்த் வந்து சேரும்வரை யாம் விடை கூறவில்லை; அவரும் மீண்டும் வரனைப் பற்றிப் பேசவில்லை.