சுடுதளத்துக்கு வராத துப்பாக்கிகள்

புது தில்லி: தெற்கு தில்லியில் துக்ளகாபாத் பகுதியில், 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிக்காக அமைக்கப்பட்ட துப்பாக்கிச் சுடுதளத்துக்கு டாக்டர் கர்ணி சிங்கின் பெயர் சூட்டப்பட்டுள்ளது. பிகானேர் மன்னர் குடும்பத்து வாரிசான அவர் ஐந்து ஒலிம்பிக் போட்டிகளில் பங்கேற்றவர். 1962-ல் கெய்ரோவில் நடைபெற்ற உலகப் போட்டியில் வெள்ளிப் பதக்கம் வென்றவர். அவரே 1952 முதல் 1977 வரை 25 ஆண்டுகள், இடைவெளியின்றி, சுயேச்சை உறுப்பினராக மக்களவையில் அமர்ந்திருந்தார் என்பது இன்று பலருக்கு நினைவில் இல்லை. சட்டம் இயற்றும் அவைக்கும் சுடுதளத்துக்கும் இத்தனை பழைய உறவு இருந்தும், துப்பாக்கி பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் ஒருவர் எத்தனை துப்பாக்கி வைத்திருக்கலாம் என்ற கணக்கே முந்திக்கொள்கிறது. வைத்திருப்பவர் எப்படிப்பட்டவர் என்ற கேள்வி பின்தங்கிவிடுகிறது.

அந்தக் கேள்விக்குச் சுடுதளத்தைவிட நல்ல பாடசாலை இல்லை. தலைநகர் வட்டாரச் சுடுதளங்களில் ஒரு நாளைக் கழித்தால், துப்பாக்கியைத் தொடும் விதத்திலிருந்தே மனிதர்களை இனங்காண முடியும்.

முதலில் கண்ணில் படுபவர்கள் ஹரியாணா, மேற்கு உத்தரப் பிரதேச கிராமங்களிலிருந்து வரும் இளம் வீரர், வீராங்கனைகள். தந்தை வெளியே சாப்பாட்டுப் பையுடன் காத்திருப்பார். உள்ளே பிள்ளை ஒவ்வொரு குண்டுக்கும் இடையில் மூச்சை அளந்து நின்றுகொண்டிருக்கும். இவர்களுக்குத் துப்பாக்கி என்பது தச்சனுக்கு உளி போன்றது. ஒரு டப்பா குண்டு என்ன விலை என்பது இவர்களுக்கு மனப்பாடம். பெரும்பாலோர் ஏந்தியிருப்பது காற்றுத் துப்பாக்கி. 0.177 அங்குலத்துக்கு மிகாத துளையும் 20 ஜூலுக்கு மிகாத விசையும் கொண்ட காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. 2008-ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா வென்ற தங்கமும், 2024-ல் பாரிஸில் மனு பாக்கர் பெற்ற இரு வெண்கலங்களும் காற்றுத் துப்பாக்கியால் கிடைத்தவையே. அதே பாரிஸில் ஸ்வப்னில் குசாலே வெண்கலம் வென்ற 50 மீட்டர் போட்டி வேறு வகை. அதற்கு .22 ரைபிள் வேண்டும். அந்தக் கட்டத்தில்தான் விளையாட்டு வீரன் ஆயுதச் சட்டத்தின் வாசலுக்கு வருகிறான்.

பறக்கும் களிமண் தட்டுகளைச் சுடும் பகுதியில் இருப்பவர்கள் வேறு ரகம். இங்கே இரட்டைக் குழல் துப்பாக்கிகளில் சில, சுடுபவரின் வயதைவிடப் பழையவை. பேச்சு தாத்தாவின் வேட்டையைச் சுற்றி வரும். 1972-ல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்து வேட்டைக்கு முற்றுப்புள்ளி வைத்த பிறகு, அரண்மனைகளிலும் பண்ணை வீடுகளிலும் இருந்த துப்பாக்கிகளுக்கு எஞ்சிய கௌரவமான இலக்கு இந்தக் களிமண் தட்டுதான். பெருமிதம் உண்டு, ஆனால் அதோடு, குழலை மடக்கித் தோட்டாவை வெளியே எடுத்த பிறகே துப்பாக்கியுடன் நடக்க வேண்டும் என்ற பரம்பரைக் கட்டுப்பாடும் உண்டு.

மூன்றாவது ரகம் அண்மைக்காலச் செல்வந்தர்கள். மனை வணிகர், ஒப்பந்ததாரர், அரசியல்வாதியின் உறவினர். இடுப்பில் வெளிநாட்டுக் கைத்துப்பாக்கி. பொதுமக்களுக்கான துப்பாக்கி இறக்குமதி 1980-களின் நடுவில் நிறுத்தப்பட்டதால், பழைய வெளிநாட்டுத் துப்பாக்கி லட்சக்கணக்கில் விலை போகிறது. அதன் மதிப்பு சுடுவதில் இல்லை, காட்டுவதில் இருக்கிறது. இவர் பத்துத் தோட்டாக்களை மடமடவென்று சுட்டுவிட்டு, இலக்குத் தாளைப் பார்க்காமலேயே நண்பரின் பக்கம் திரும்புவார். குழலும் கூடவே திரும்பும். பயிற்சியாளர் அதட்டுவார்: குழல் கீழே, விரல் விசைக்கு வெளியே! கோடீஸ்வரர் பள்ளிச் சிறுவனைப்போலத் தலையாட்டுவார். இவரைக் குறைசொல்லிப் பயனில்லை. அதட்டு வாங்கும் இடத்துக்கு வந்திருக்கிறாரே, அதுவே பெரிது.

இந்த ரகங்கள் எதிலும் அடங்காதவரும் உண்டு. உத்தரப் பிரதேசத்தின் பாக்பத் மாவட்டம் ஜோஹ்ரி கிராமத்தில், பேத்தியைப் பயிற்சிக்கு அழைத்துச் சென்ற இடத்தில் அறுபது வயதைக் கடந்த பிறகு முதன்முதலாகத் துப்பாக்கியைத் தொட்டவர் சந்த்ரோ தோமர். முதியோர் போட்டிகளில் பதக்கங்களைக் குவித்து, 2021 ஏப்ரலில் கரோனாவுக்குப் பலியானார். தலையில் முக்காடு மாறாமல் சுட்ட அந்தப் பாட்டியின் வட்டாரத்தில், துப்பாக்கி அதுவரை ஆண்களின் அதிகாரச் சின்னமாகவே இருந்துவந்தது.

இந்த வேறுபாடுகளை நாடாளுமன்றம் எப்படிக் கையாண்டது? 1878-ல் லிட்டன் பிரபு காலத்தில் வந்த ஆயுதச் சட்டம் இந்தியர்களிடமிருந்து துப்பாக்கியை விலக்கி வைத்தது. 1930-ல் இர்வின் பிரபுவிடம் காந்தியடிகள் முன்வைத்த 11 கோரிக்கைகளில், தற்காப்புக்குத் துப்பாக்கி உரிமம் வழங்குவதும் ஒன்று. சுதந்திர இந்தியாவின் 1959-ஆம் ஆண்டுச் சட்டத்தில் எண்ணிக்கைக்கு வரம்பில்லை. 1983 திருத்தம் அதை மூன்றாக்கியது. 2019-ல் மத்திய அரசு கொண்டுவந்த மசோதா ஒன்றே போதும் என்றது. அப்போது பஞ்சாப் முதல்வராக இருந்த அமரீந்தர் சிங் உள்ளிட்டோர் எதிர்ப்புத் தெரிவிக்க, ஒன்று இரண்டாயிற்று. டிசம்பர் 9-ல் மக்களவையும் மறுநாள் மாநிலங்களவையும் நிறைவேற்றின. அதே டிசம்பர் 9 நள்ளிரவில் குடியுரிமைத் திருத்த மசோதாவும் மக்களவையில் நிறைவேறியதால், ஆயுத மசோதாவைக் கவனித்தவர்கள் குறைவு. பத்திரிகையாளர் மாடமும் இதற்கு விலக்கல்ல.

விளையாட்டு வீரர்களுக்கு விலக்கு அளிக்கப்பட்டது. 2020 பிப்ரவரியில் உள்துறை அமைச்சகம் ஒரு படி மேலே சென்று, முன்னணி வீரர் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகளின் உச்சவரம்பை 7-லிருந்து 12 ஆக உயர்த்தியது. வீரர்களுக்கு இது நியாயமான தேவை. ஒவ்வொரு போட்டிக்கும் ஒவ்வொரு துப்பாக்கி வேண்டும். பழுதானால் மாற்றும் வேண்டும். ஆனால் மற்றவர்களுக்கு இரண்டு, வீரருக்கு 12 என்று கதவு திறந்திருக்கும்போது, காட்டுவதற்காக வாங்குபவருக்கும் வீரர் வேடம் போடும் ஆசை வராதா? இந்தச் சலுகையில் இறக்குமதியான துப்பாக்கிகள் கைமாறுவதாக எழுந்த சந்தேகத்தில், வருவாய்ப் புலனாய்வு இயக்ககம் 2017-லேயே தில்லி, மீரட் வட்டாரங்களில் சோதனைகள் நடத்தியது.

எனினும் உண்மையான கவலை சுடுதளத்துக்கு வருபவர்களைப் பற்றியதல்ல. உள்துறை அமைச்சகக் கணக்குப்படி 2016 டிசம்பர் இறுதியில் நாட்டில் நடப்பிலிருந்த துப்பாக்கி உரிமங்கள் 33.69 லட்சம். அவற்றில் உத்தரப் பிரதேசத்தில் மட்டும் 12.77 லட்சம். தமிழ்நாட்டில் 22,500 அளவே. இரண்டாம் இடத்தில் இருந்த ஜம்மு-காஷ்மீரின் 3.69 லட்சத்தை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. 2012 முதல் 2016 வரை அங்கு தகுதியற்றவர்களுக்கு 2.78 லட்சத்துக்கும் அதிகமான உரிமங்கள் பணத்துக்காக வழங்கப்பட்டதாக மத்தியப் புலனாய்வுத் துறை வழக்கு நடத்தி வருகிறது.

இந்த லட்சக்கணக்கானோரில் காவலாளி வேலைக்காகத் துப்பாக்கி வாங்கிய ஏழை உண்டு. வயலில் நீலமானையும் காட்டுப்பன்றியையும் விரட்டும் விவசாயி உண்டு. பங்காளிச் சண்டைக்குப் பயந்தவர் உண்டு. வட மாநில ஊர்களில் பெண் கொடுப்பவர்கள் மாப்பிள்ளை வீட்டில் நிலம், டிராக்டருடன் துப்பாக்கியும் இருக்கிறதா என்று பார்ப்பதாகச் சொல்வார்கள். அந்தத் துப்பாக்கி வெளியே வருவது பெரும்பாலும் கல்யாண ஊர்வலத்தில். வானத்தை நோக்கிச் சுட்டது மாடியில் வேடிக்கை பார்த்த சிறுமி மீதோ, மேடையில் நின்ற மணமகன் மீதோ பாயும் செய்தி, முகூர்த்த மாதங்களில் வட மாநிலப் பத்திரிகைகளில் தவறுவதில்லை. 2019 திருத்தம் இத்தகைய கொண்டாட்டத் துப்பாக்கிச் சூட்டுக்கு இரண்டு ஆண்டுகள் வரை சிறை அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் என்று விதித்தது. வழக்கு வருவதென்னவோ பிணம் விழுந்த பிறகுதான்.

துப்பாக்கி இருந்தாலே விபரீதம் என்பதும் சரியல்ல. கர்நாடகத்தின் குடகு மாவட்டத்தில் கொடவர்களுக்கும் ஜம்மா நிலம் உடையவர்களுக்கும் உரிமம் பெறுவதிலிருந்தே விலக்கு உண்டு. 2019-ல் அது மேலும் பத்து ஆண்டுகளுக்கு நீட்டிக்கப்பட்டது. 2021-ல் கர்நாடக உயர் நீதிமன்றமும் அதை ஏற்றது. கைல்போது திருநாளில் துப்பாக்கியைப் பூஜையில் வைத்து வணங்குகிறார்கள். பிறகு தேங்காயை இலக்காக வைத்துப் போட்டி நடத்துகிறார்கள். ஆண் குழந்தை பிறந்தால் ஒரு வெடி, மரணத்துக்கு இரண்டு என்று ஊருக்கே தெரிந்த முறை இருக்கிறது. அங்கே திருவிழா மைதானமே சுடுதளம். யார் எப்படிச் சுடுகிறார் என்பதைப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மற்ற இடங்களில் பார்ப்பதற்கு யாரும் இல்லை. 2016 ஜூலையில் வந்த ஆயுத விதிகள், புதிதாக உரிமம் கோருவோர் பாதுகாப்புப் பயிற்சி பெற வேண்டும் என்றன. நல்ல விதிதான். ஆனால் அந்த ஆண்டு இறுதிக் கணக்கில் இருந்த 33.69 லட்சம் உரிமங்களில் பெரும்பாலானவை அதற்கு முன்பே வழங்கப்பட்டவை. அமெரிக்காவைப்போல ஆயுதம் ஏந்துவது இங்கு அடிப்படை உரிமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2023-ல் சுட்டிக்காட்டியது. உரிமை அல்ல, அரசு தரும் அனுமதி என்றால், அனுமதி தருபவர் நிபந்தனையும் விதிக்கலாம். 2019 திருத்தம் உரிமத்தின் காலத்தை மூன்று ஆண்டுகளிலிருந்து ஐந்தாக நீட்டியிருக்கிறது. ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வருபவரை, பழையவர் புதியவர் என்ற பாகுபாடின்றி, ஒரு நாள் சுடுதளத்தில் நிறுத்திப் பார்த்தால் என்ன? இத்தனை பேருக்குச் சுடுதளம் ஏது என்று அதிகாரிகள் கேட்பார்கள். தனியார் மன்றங்கள் பெருநகரங்களில்தான் உள்ளன என்பது உண்மை. ஆனால் பல மாவட்டங்களில் காவல் துறையின் ஆயுதப்படைக்குச் சொந்தமாகச் சுடுதளம் இருக்கிறது. மாதத்தில் ஓரிரு நாள்கள் அதை உரிமதாரர்களுக்குத் திறந்துவிட நாடாளுமன்றம் கூட வேண்டியதில்லை. ஆயுதச் சட்டத்தின் கீழ் விதிகளைத் திருத்தும் அதிகாரம் மத்திய அரசிடமே இருக்கிறது.