கவுன்ட்டர் திறந்தாச்சு, கதவு?

கரீஃப் சீசன் வந்துவிட்டால் சலாலாவில் எல்லாக் கடையிலும் கூட்டம்தான். போன சீசனில் ஒரு டெய்லர் கடைக்குப் பேன்ட் சுருக்கப் போயிருந்தேன். தையல் மிஷினில் இருந்த நம்ம ஊர் அண்ணாச்சி கேட்டார்: "தம்பி, நீங்க கம்ப்யூட்டர்ல இருக்கீங்க. லைசென்ஸ் எல்லாம் இப்ப ஆன்லைன்லயே தர்றாங்களாமே. இந்தக் கடைய என் பேருக்கே மாத்திரலாமா?"

போட்ட முதல் அவருடையது. பதினெட்டு வருஷ உழைப்பும் அவருடையது. லைசென்ஸில் இருப்பது மட்டும் வேறொருவர் பெயர். அதற்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுக்கிறார்.

ஓமன் அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. பழைய சட்டத்தில் வெளிநாட்டவர் முதலீடு செய்ய ஒன்றரை லட்சம் ரியால் மூலதனம் காட்ட வேண்டும், உள்ளூர் பங்குதாரரும் வேண்டும். 2020 ஜனவரியில் அமலுக்கு வந்த புதிய அந்நிய முதலீட்டுச் சட்டம் பெரும்பாலான தொழில்களில் இந்த இரண்டையும் எடுத்துவிட்டது. பதிவு, புதுப்பித்தல் எல்லாம் ஆன்லைனிலேயே நடக்கிறது. அலுவலகம் அலுவலகமாக அலைந்த காலம் போச்சு. பாராட்ட வேண்டிய விஷயம்தான்.

ஆனால் அண்ணாச்சிக்கு நான் சொல்ல வேண்டியிருந்த பதில் வேறு. அந்நிய முதலீட்டாளர் செய்யக் கூடாத தொழில்கள் என்று ஒரு பட்டியல் இருக்கிறது. தையல், சலவை, முடிதிருத்தம், வாகனப் பழுதுபார்ப்பு எல்லாம் அதில் வருகின்றன. சின்னத் தொழில்களை நம் மக்களுக்கே வைத்துக்கொள்வோம் என்று ஒரு நாடு நினைப்பதில் தப்பில்லை. ஆனால் நம்மவர்கள் காலங்காலமாகச் செய்துவருவதும் அதே தொழில்களைத்தான். சட்டத்தில் வாசல் அகலமானது பெரிய முதல் உள்ளவருக்கு. மிஷின் மிதிப்பவருக்கு அது மூடியேதான் கிடக்கிறது.

இன்னொரு பக்கம் பிடியும் இறுகுகிறது. மறைமுக வணிகத்தைத் தடுக்க 2023-ல் தனி விதிமுறையே வந்துவிட்டது. 'எழுதி வாங்கி வச்சிருக்கேன்' என்று இனி நிம்மதியாகத் தூங்க முடியாது. அந்தப் பத்திரமே நாளை நமக்கு எதிரான சாட்சியாகலாம்.

என் தொழிலில் ஒரு பாடம் உண்டு. விதியை மாற்றாமல் படிவத்தை மட்டும் ஆன்லைனில் ஏற்றினால், 'இல்லை' என்ற பதில் சீக்கிரம் வரும். அவ்வளவுதான். சிவப்பு நாடா அறுந்ததா என்பதை எத்தனை நிமிஷத்தில் லைசென்ஸ் வருகிறது என்பதை வைத்து அளக்கக் கூடாது. யாருக்கு வருகிறது என்பதை வைத்துத்தான் அளக்க வேண்டும்.

பல வருஷமாக நடக்கும் கடைகளுக்கு, அபராதமில்லாமல் கணக்கைச் சீர்செய்துகொள்ள ஓர் அவகாசமும் வழியும் கொடுத்தால் அரசுக்கும் லாபம். ஒளிந்திருக்கும் வியாபாரம் வெளிச்சத்துக்கு வரும். நம் தமிழ்ச் சங்கங்களும் பொங்கல் விழாவோடு நிற்காமல், மாதம் ஒரு நாள் வழக்கறிஞரையும் கணக்காளரையும் உட்கார வைக்கலாம். எந்தத் தொழில் அனுமதிக்கப்பட்டது, ஓமானியரை எப்போது வேலைக்கு எடுக்க வேண்டும் என்பதெல்லாம் டீக்கடையில் கேட்டுத் தெரிந்துகொள்கிற விஷயமில்லை.

அண்ணாச்சி பேன்ட்டை மடித்துக் கொடுத்தார். "அப்ப என் பேரு வராதா தம்பி?" என்றார். எனக்குப் பதில் தெரியும். சொல்லத்தான் வாய் வரவில்லை.