"புரை முத்தட்டும்" என்று காத்திருப்பவர்களுக்கு

1) கறம்பக்குடி சுற்றுவட்டாரப் பெரியவங்க கண்புரைன்னு சொன்னதும் கேட்கிற முதல் கேள்வி: "இன்னும் முத்தலையே டாக்டர்?" அடுத்த கேள்வி: "லேசர்ல அளப்பாங்களா, ஸ்கேன்லயா?" இரண்டுக்கும் தொடர்பு உண்டு உறவுகளே.

2) 1992-ல் மதுரையில் ஆரோலேப் தயாரிப்பைத் தொடங்கியதும் கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் விலை பெருமளவு குறைந்தது. லென்ஸ் எல்லாருக்கும் கிடைக்குது. ஆனா எந்த பவர்? அதைச் சொல்வது கருவிழியின் வளைவும் கண்ணின் நீளமும்தான். நீளம் சராசரியா 23.5 மி.மீ. அதில் 1 மி.மீ. தவறினால் பவர் ஏறக்குறைய 2.5 மாறிடும்.

3) ஏ-ஸ்கேன்: மரத்துப்போக சொட்டு மருந்து விட்டு, பேனா போன்ற கருவியைக் கருவிழியில் வைப்பாங்க. ஒலி அலை விழித்திரையில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்து நீளம் கணக்காகும். கை சற்று அழுத்தினால் கருவிழி அமுங்கி, நீளம் குறைவாகக் காட்டும். வைக்கும் லென்ஸின் பவர் கூடிப்போய், ஆபரேஷனுக்குப் பிறகு தூரத்தில் இருப்பது மங்கலா தெரியும். நடுவில் திரவம் நிரப்பி அளந்தால் இந்தப் பிழை வராது.

4) ஒளி முறை: கண்ணைத் தொடவே வேண்டாம். தாடையை வைத்து விளக்கைப் பார்த்தால் போதும், அகச்சிவப்பு ஒளி அளந்துடும். 1999 முதல் புழக்கத்தில் இருக்கு. துல்லியம் அதிகம்.

5) அப்போ ஸ்கேன் வீணா? இல்லவே இல்லை. ஒளி உள்ளே போய்த் திரும்பணும். புரை முத்தி வெள்ளையா அடைச்சிருந்தா ஒளி போகாது. அங்கே கைகொடுப்பது ஒலிதான். ஆகவே ஆபரேஷன் நடக்கும் ஒவ்வொரு அரசு மருத்துவமனையிலும் இரண்டு கருவியும் வேண்டும் என்பது என் கருத்து.

6) "முத்தட்டும்" என்பது லென்ஸ் வைக்காமல், சோடாபுட்டி கண்ணாடி கொடுத்து அனுப்பிய காலத்துப் பேச்சு. இன்று முத்த விட்டால் துல்லியமான அளவுக்கான வாய்ப்பை நாமே இழக்கிறோம். ரொம்ப முத்தினால் கண் அழுத்தம் ஏறி, பார்வையே நிரந்தரமாகப் போகலாம்.

7) பஸ் போர்டு தெரியலையா, அரிசியில் கல் பொறுக்க முடியலையா? அதுதான் நேரம். அரசு மருத்துவமனையில் லென்ஸும் ஆபரேஷனும் இலவசம். அளக்கும்போது ஆடாம அசையாம இருங்க. முன்னாடி கண் ஆபரேஷன் நடந்திருந்தா மறக்காம சொல்லுங்க.

வீட்டுப் பெரியவங்களுக்கு இதைப் படிச்சுக் காட்டுங்க.


அரசு மருத்துவர், கறம்பக்குடி