கண்ணாடிக்கும் அளவு உண்டு

கண்ணாடிக் கடைக்குப் போகிறவர்கள் முதலில் கேட்பது விலை, அடுத்தது நிறம். அளவைப் பற்றிக் கேட்பவர் அரிது. அளவெடுக்காமல் துணியை வெட்டும் தையற்காரரிடம் யாரும் மறுமுறை போகமாட்டார்கள். கண் விஷயத்தில் மட்டும் ஏன் இந்த அலட்சியம்?

டாக்டர் எழுதித் தரும் பவர் பாதி வேலைதான். வில்லையின் மையம் கண்ணின் பாவைக்கு நேராக அமைந்தால்தான் அந்தப் பவர் முழுப் பயன் தரும். இரு பாவைகளுக்கும் இடையே உள்ள தூரம் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு 54 முதல் 74 மில்லிமீட்டர் வரை இருக்கும். இது ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கே நடு மூக்கிலிருந்து வலது கண்ணின் தூரம் ஒன்றாகவும், இடது கண்ணின் தூரம் வேறாகவும் இருப்பதுண்டு.

பிழை சிறிதானாலும் விளைவு சிறிதல்ல. 4 பவர் வில்லையின் மையம் 5 மில்லிமீட்டர் விலகினால், ஒரு மீட்டர் தூரத்திலுள்ள பொருள் 2 சென்டிமீட்டர் நகர்ந்து தோன்றும். அதைச் சரிக்கட்டக் கண்கள் ஓயாமல் பாடுபட வேண்டும். தலைவலி வரும், கண் களைத்துப் போகும். 'கண்ணாடி ஒத்துக்கொள்ளவில்லை' என்று பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள். பள்ளிப் பிள்ளை அப்படிச் செய்தால், வீணாவது கண்ணாடியின் விலை மட்டுமல்ல, படிப்பும்தான்.

பிரேமும் முகத்துக்குப் பொருந்த வேண்டும். பெரும்பாலான பிரேம்களின் உட்புறத்தில் 52, 18, 140 என்பதுபோல் மூன்று எண்கள் இருக்கும். முதலாவது வில்லையின் அகலம். இரண்டாவது மூக்கின்மேல் அமரும் பாலம். மூன்றாவது காதில் மாட்டும் கையின் நீளம். எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. பாலம் அகலமானால் கண்ணாடி நழுவும். குறுகினால் மூக்கை அழுத்தித் தழும்பு உண்டாக்கும். தூரப் பார்வைக்கும் படிப்புக்கும் ஒரே வில்லையாக அமையும் புரோகிரசிவ் கண்ணாடிக்கு இன்னும் கவனம் தேவை. தேர்ந்தெடுத்த பிரேமை முகத்தில் சரியாகப் பொருத்திய பிறகே, பாவை நிற்கும் உயரத்தைக் குறிக்க வேண்டும்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. ஓர் அளவுகோலும், பொறுமையும், பழகிய கையும் இருந்தால் போதும். கண்ணைச் சோதிக்கும் இடத்திலேயே பாவைத் தூரத்தையும் அளந்து சீட்டில் எழுதிக் கொடுப்பதை வழக்கமாக்க வேண்டும். அளவெடுக்காமல் எந்தக் கடைக்காரரும் வில்லையை வெட்டக் கூடாது. வாங்குகிறவர்களும் விலை பேசுவதற்கு முன், 'அளவெடுத்தீர்களா?' என்று கேட்கப் பழக வேண்டும். கேட்கக் கூச்சப்பட்டால், கஷ்டப்படப் போவது கண்தான்!