குறைந்த விலையில் துப்புரவு: நட்டம் யாருக்கு?

கற்பிட்டிக் குடாநாட்டின் கடலோரக் கிராமமான மாம்புரியின் பெயரை நாட்டு மக்களில் பலர் அறிந்து கொண்டது அங்குள்ள காற்றாலைகளின் மூலமாகத்தான். 2010 ஆம் ஆண்டில் தனியார் துறையினரின் காற்றாலை மின்னுற்பத்தி இங்கு ஆரம்பமானது. அயலிலுள்ள நுரைச்சோலையில் அனல் மின்நிலையத்தின் முதலாவது அலகு 2011 இல் இயங்கத் தொடங்கியது. 2014 இல் மூன்று அலகுகளும் பூர்த்தியடைந்து 900 மெகாவாற் கொள்ளளவை எட்டின. ஆலங்குடாவிலும் கற்பிட்டியிலும் டொல்பின்களைக் காணவும் காற்றுப்பட்டச் சறுக்கலில் ஈடுபடவும் வருகின்ற வெளிநாட்டவருக்கான விடுதிகள் பெருகியுள்ளன. இவ்வளவு வந்த பின்னரும் இக்கரையோரத்து இளைஞர்கள் கொழும்புக்கும் வளைகுடாவுக்கும் பயணப்பட்டுக் கொண்டுதான் இருக்கின்றனர். பெண்கள் வீட்டுப் பணிப்பெண்களாகக் கடல் கடக்கின்றனர்.

இதற்குக் காரணங்கள் பல. அவற்றுள் எவரும் பெரிதாகப் பேசாத ஒன்றை நாம் இன்று ஆராய விரும்புகின்றோம். மின்நிலையமாயினும் விடுதியாயினும், வைத்தியசாலையாயினும் வங்கியாயினும், ஒவ்வொரு நாளும் கூட்டித் துடைத்துக் கழுவப்பட வேண்டும். முன்னர் நிரந்தரச் சிற்றூழியர்கள் செய்த இவ்வேலை இன்று அரச நிறுவனங்களிலும் தனியார் நிறுவனங்களிலும் பெரும்பாலும் ஒப்பந்த அடிப்படையில் துப்புரவுச் சேவைக் கம்பனிகளிடம் ஒப்படைக்கப்படுகின்றது. பெரிய இயந்திரங்களோ பெருமுதலோ இன்றி ஒரு கிராமத்தவர் ஆரம்பிக்கக்கூடிய தொழில்களுள் இதுவும் ஒன்று. அப்படியிருந்தும் இத்தொழில் ஏன் ஊரவரின் கைகளில் வளரவில்லை? நற்பெயருடன் இதை நடத்த முனைவோர் ஏன் நிலைக்க முடிவதில்லை?

இதற்கான விடையை ஒரு சிறிய கணக்கிலே காணலாம். 2025 இல் திருத்தப்பட்ட குறைந்தபட்ச வேதனச் சட்டத்தின்படி 2026 ஜனவரி முதலாம் திகதியிலிருந்து ஒரு தொழிலாளிக்கு மாதமொன்றுக்கு 30,000 ரூபாவிற்குக் குறையாமல் வழங்கப்பட வேண்டும். ஊழியர் சேமலாப நிதிக்குத் தொழில்கொள்வோர் செலுத்த வேண்டிய 12 சதவீதம் 3,600 ரூபா. ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்குரிய 3 சதவீதம் 900 ரூபா. ஆக, ஒரு தொழிலாளியின் பெயரில் சட்டப்படி செலவாக வேண்டிய தொகை 34,500 ரூபா ஆகின்றது. பதினைந்து பேரும் அதற்கு மேலும் வேலை செய்யும் நிறுவனமாயின், ஐந்தாண்டுகளைப் பூர்த்தி செய்தவருக்கு ஆண்டொன்றுக்கு அரை மாதச் சம்பளம் வீதம் பணிக்கொடையும் வழங்க வேண்டும். அதற்காக மாதந்தோறும் 1,250 ரூபாவை ஒதுக்கினால் தொகை 35,750 ஆகும். சவர்க்காரத் திரவம், தும்புத்தடி, கையுறை, சீருடை, இயந்திரத் தேய்மானம், விடுமுறையில் செல்பவருக்கான பதிலாள், மேற்பார்வையாளரின் சம்பளம், போக்குவரத்து ஆகிய எதுவும் இதில் இன்னும் சேர்க்கப்படவில்லை. இலாபம் என்பது அதற்கும் அப்பால் உள்ளது.

எனவே தொழிலாளி ஒருவருக்கு 34,500 ரூபாவிற்குக் குறைவாக விலை குறிப்பிட்டு ஒரு கம்பனி கேள்விப்பத்திரம் சமர்ப்பிக்குமாயின், சட்டத்தை மீறியே அவ்வேலை செய்யப்படும் என்பதற்கு அந்த விலையே எழுத்து மூலமான சாட்சியாகும். ஆனால் கேள்விப்பத்திரங்களைத் திறப்போர் பெரும்பாலும் கடைசி வரியிலுள்ள மொத்தத் தொகையையே பார்க்கின்றனர். குறைந்த தொகையைக் குறிப்பிட்டவரைத் தெரிவு செய்தால் கணக்காய்வில் எவரும் கேள்வி கேட்கமாட்டார்கள். கூடிய தொகையைத் தெரிவு செய்தால் அதற்கு விளக்கம் எழுத வேண்டி வரும். சட்டப்படி நடப்பவர் தோற்பதும் மீறுபவர் வெல்வதும் இந்த நடைமுறையின் இயல்பான விளைவுகளேயாகும்.

குறைத்துக் கொண்ட தொகையைக் கம்பனி எங்கே ஈடு செய்யும்? வழிகள் எல்லோரும் அறிந்தவையே. பத்துப் பேரின் பெயரில் பட்டியல் அனுப்பி ஏழு பேரைக் கொண்டு வேலை வாங்கலாம். சம்பளத்தில் கழித்த சேமலாப நிதியைச் செலுத்தாது விடலாம். கிருமி நீக்கும் திரவத்தில் தண்ணீரைக் கூட்டலாம். மலசலகூடத்தைத் துடைத்த அதே துணியால் நோயாளியின் கட்டிலையும் துடைக்கச் செய்யலாம். வைத்தியசாலையில் இப்படி மிச்சம் பிடிக்கும் பணம், தொற்று நோயாகவும் மருந்துச் செலவாகவும் மக்களின் தலையிலேயே விழுகின்றது. மலிவாகக் கிடைத்ததாக எண்ணிய சேவைக்கு வேறொரு கணக்கிலிருந்து பணம் செலுத்துகின்றோம் என்பதே உண்மை.

இது எமது நாட்டுக்கு மாத்திரம் உரிய பிரச்சினையல்ல. 2025 ஓகஸ்ட் மாதத்தில் சென்னை மாநகராட்சியின் தலைமையகமான ரிப்பன் கட்டடத்தின் முன்பாகத் தூய்மைப் பணியாளர்கள் 13 நாட்கள் இரவு பகலாக அமர்ந்திருந்தனர். இரு மண்டலங்களின் பணிகள் தனியார் கம்பனிக்குக் கையளிக்கப்பட்டதை எதிர்த்தே அவர்கள் வீதிக்கு வந்தனர். கை மாறும் போது வாங்கி வந்த சம்பளம் குறைந்துவிடும், பல்லாண்டுச் சேவை கணக்கில் எடுக்கப்படாது போய்விடும் என்பதே அவர்களது அச்சம். இறுதியில் நள்ளிரவில் பொலிஸார் அவர்களை அப்புறப்படுத்தினர். கொரோனாக் காலத்தில் மாலையிட்டுப் போற்றப்பட்டவர்கள் இவர்கள் என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அதற்காகத் துப்புரவுப் பணியைத் தொழில் முயற்சியாக நடத்துவதே தவறு என்று கூறுவது எமது நோக்கமன்று. டென்மார்க்கில் 1901 இல் இரவுக் காவல் சேவையாக ஆரம்பித்து, 1934 இல் துப்புரவுத் துறையில் இறங்கிய ஐ.எஸ்.எஸ். நிறுவனம் இன்று உலகெங்கும் மூன்று இலட்சத்துக்கும் மேற்பட்டோருக்குத் தொழில் வழங்குகின்றது. எமது நாட்டிலும், 1968 இல் பாவித்த மின்சாதனங்களை வாங்கித் திருத்தி விற்றுத் தொழிலைத் தொடங்கிய ஆபான் பெஸ்டன்ஜி அம்மையார் கட்டியெழுப்பிய குழுமம் பின்னர் துப்புரவுத் துறையிலும் தடம் பதித்தது. இந்தியாவின் புனே நகரிலோ குப்பை பொறுக்கி வாழ்ந்த பெண்களே ‘ஸ்வச்’ என்ற கூட்டுறவின் உரிமையாளர்களாகி, 2008 இல் மாநகராட்சியுடன் உடன்படிக்கை செய்து, வீடு வீடாகக் கழிவு சேகரித்துக் கட்டணம் பெறத் தொடங்கினர். முதலாளியின் கம்பனியாகவும் தொழிலாளரின் கூட்டுறவாகவும் இத்தொழில் வளரலாம் என்பதற்கு இவை சான்றுகளாகும்.

துப்புரவு என்பது எவரும் செய்யக்கூடிய வேலை என்ற எண்ணமே இத்தொழிலைப் பீடித்துள்ள முதல் நோயாகும். வெளிற்றும் குளோரின் திரவத்துடன் அமிலம் கலந்த கழுவு திரவத்தைச் சேர்த்தால் நச்சு வாயு வெளிவரும். சலவைக்கல் தரையில் அமிலம் பட்டால் அதன் பளபளப்பு கெட்டுவிடும். கிருமிநாசினியைத் தெளித்தவுடன் துடைத்தெடுத்தால் கிருமி சாகாது. அதற்குரிய நிமிடங்கள் அது ஈரமாகவே நிற்க வேண்டும். மலசலகூடத்துக்கு ஒரு நிறத் துணி, குசினிக்கு வேறொரு நிறத் துணி என்ற ஒழுங்கு ஆடம்பரத்துக்காக ஏற்பட்டதல்ல. இவற்றை அறிந்தவர் ஒரு தொழில்நுட்பவியலாளர். அவரைக் கூலியாள் என்று அழைப்பது எமது அறியாமையேயன்றி வேறில்லை.

கற்பிட்டிக் கரையோரத்தில் இந்த அறிவுக்கு இன்னொரு பெறுமதியும் உண்டு. இங்குள்ள மண் மணற்பாங்கானது. நிலத்தில் ஊற்றுவது எதுவாயினும் விரைவில் கிணற்று நீரைச் சென்றடையும். செறிவான விவசாயத்தினால் இக்குடாநாட்டின் நிலத்தடி நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை ஆய்வாளர்கள் பல தடவைகள் எடுத்துக் காட்டியுள்ளனர். அந்நீரில் விடுதிகளின் இரசாயனக் கழுவு நீரும் சேர வேண்டுமா? அளந்து கலந்து, குறைந்த நீரில் துடைக்கத் தெரிந்த பணியாளர் விடுதிக்குச் செலவைக் குறைப்பதுடன் ஊரின் கிணற்றையும் காக்கின்றார்.

இந்த அறிவைத் தேடி நாம் வெகுதூரம் செல்லத் தேவையில்லை. டுபாயிலும் தோஹாவிலும் ஜித்தாவிலும் விமான நிலையங்களையும் வைத்தியசாலைகளையும் பல ஆண்டுகள் துப்புரவு செய்துவிட்டுத் திரும்பியோர் எமது ஊர்களிலே இருக்கின்றனர். தரை தேய்க்கும் இயந்திரத்தை இயக்கவும், உயர்ந்த கட்டடங்களின் கண்ணாடியைத் துடைக்கவும் பழகிய கைகள் ஊருக்குத் திரும்பியதும் முச்சக்கர வண்டி ஓட்டுகின்றன. அல்லது அடுத்த விசாவுக்காகக் காத்திருக்கின்றன. வெளிநாட்டில் பெற்ற அனுபவத்தைப் பரிசோதித்துத் தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் வழங்கும் ஏற்பாடு நாட்டில் உண்டு. ஆயினும் இவர்களைத் தேடிச் சென்று அச்சான்றிதழைப் பெற்றுக் கொடுக்கும் முயற்சி போதாது.

சான்றிதழ் கிடைத்தாலும் சந்தை இலகுவானதல்ல. சிறிய முயற்சியாளரை வீழ்த்துவது பெரும்பாலும் இலாபக் குறைவன்று. பணம் தாமதமாகக் கைக்கு வருவதே. பத்துப் பேரை வைத்திருப்பவருக்கு மேற்கூறிய கணக்கின்படி சம்பளத்துக்கும் நிதிகளுக்கும் மாதந்தோறும் 345,000 ரூபா தேவை. ஒரு நிறுவனம் மூன்று மாதங்கள் பணம் செலுத்தத் தாமதித்தால் 1,035,000 ரூபாவை அவர் தனது கையிலிருந்து போட வேண்டும். கடலோரக் கிராமமொன்றில் எவரிடம் அவ்வளவு பணம் இருக்கின்றது? நகை அடகுக்குப் போகும், அதற்குப் பின் சம்பளம் பிந்தும், நல்ல பணியாளர் விலகுவர், தரம் குறையும், ஒப்பந்தம் கைநழுவும். அந்த இடத்துக்குத் தாமதத்தைத் தாங்கக்கூடிய தலைநகரக் கம்பனி வந்து சேரும்.

ஆகவே இத்துறையில் காலடி வைக்க விரும்புவோருக்கு நாம் கூறக்கூடியது இதுதான். முதலில் பெரிய கேள்விப்பத்திரத்தைத் தேட வேண்டாம். இரண்டு மூன்று விடுதிகள், ஒரு வங்கிக் கிளை, ஒரு தனியார் மருத்துவ நிலையம் என வாரத்துக்கோ மாதத்துக்கோ உடன் பணம் தருவோரிடம் ஆரம்பிக்க வேண்டும். டொல்பின் பருவம் நவம்பர் முதல் ஏப்ரல் வரையிலானது. காற்றுப்பட்டச் சறுக்கலின் பெரும் பருவம் மே முதல் ஒக்டோபர் வரை நீடிக்கின்றது. இடையில் தொய்வு உண்டு. தலவில் புனித அன்னம்மாள் ஆலயத்தின் திருவிழாக் காலங்களில் பெருந்திரளாகக் கூடும் யாத்திரிகர்களால் சில நாட்களுக்கு வேலை குவியும். விடுதிகளை மட்டும் நம்பினால் பருவம் முடிய வருமானமும் முடியும். ஆண்டு முழுவதும் இயங்கும் நிறுவனங்களையும் சேர்த்துக் கொள்வதே பாதுகாப்பானது. ஒவ்வோர் இடத்திலும் நாளாந்த வேலைப் பட்டியல் எழுதப்பட்டு, மேற்பார்வையாளரும் வாடிக்கையாளரும் அதில் கையொப்பமிட வேண்டும். பட்டியல் நேர்மையாக இருந்தால் அடுத்த வாடிக்கையாளரிடம் காட்ட அதைவிடச் சிறந்த விளம்பரம் வேறில்லை.

ஊழியருக்குச் செலுத்தும் சேமலாப நிதியை வீண் செலவாகக் கருதுவோர் இத்துறையில் வளரமாட்டார்கள். துப்புரவுத் தொழிலில் முதலீடு என்பது பழகிய பணியாளரே. மூன்று மாதங்களுக்கு ஒரு முறை ஆள் மாறினால் ஒவ்வொரு முறையும் பயிற்சி புதிதாகத் தொடங்க வேண்டும். எந்த அறையில் எந்தக் கறை படியும் என்று அறிந்த ஒருவர் ஐந்தாண்டுகள் நிலைத்திருந்தால், அவருக்குச் செலுத்தும் பணிக்கொடை பன்மடங்காகத் திரும்பி வரும்.

இத்தொழிலைச் சுற்றியுள்ள இழிவைப் பற்றியும் மனந்திறந்து பேச வேண்டியுள்ளது. ஆங்கிலேயர் ஆட்சியில் நகரங்களின் மலக்கழிவை அகற்றுவதற்காகத் தென்னிந்தியாவிலிருந்து கொண்டு வரப்பட்ட மக்களின் சந்ததியினர், இன்றும் முகவரியைச் சொல்லத் தயங்கும் நிலையில் வாழ்கின்றனர். அவர்களது உழைப்பில் வாழ்ந்து கொண்டே அவர்களை ஒதுக்கி வைத்த பழி தமிழ்ச் சமூகத்தின் மீது இருக்கின்றது. தூய்மையை இறைநம்பிக்கையின் அங்கமாகப் போதிக்கும் மார்க்கத்தைப் பின்பற்றும் முஸ்லிம் சமூகத்திலும், துப்புரவு செய்பவரைச் சம்பந்தம் பேசத் தகுதியற்றவராகக் கருதும் மனப்பாங்கு இல்லையெனக் கூற முடியாது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்டுப் புத்தளத்தில் தஞ்சமடைந்த குடும்பங்களின் பெண்களில் பலர் வெங்காயத் தோட்டங்களில் நாட்கூலி செய்தே பிள்ளைகளை வளர்த்தெடுத்தனர். உழைப்பின் கண்ணியத்தை எவரும் அவர்களுக்குப் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. அந்த உழைப்பு முறையான தொழிலாக அங்கீகரிக்கப்படுவதே அவர்களுக்குத் தேவைப்படுகின்றது.

2017 ஏப்ரல் 14 ஆம் திகதி மீதொட்டமுல்ல குப்பை மேடு சரிந்து முப்பதுக்கும் மேற்பட்ட உயிர்கள் பலியானதையும், கொழும்பின் குப்பைக்குப் புத்தளத்து அருவக்காட்டிலே இடம் தேடப்பட்டதையும் மக்கள் மறக்கவில்லை. தலைநகரின் கழிவுக்கு எமது நிலம் வேண்டும். எமது ஊரைத் துப்புரவு செய்யும் ஒப்பந்தத்துக்கோ தலைநகரின் கம்பனி வேண்டும் என்பது எவ்வகையில் நியாயமாகும்? 2025 ஜனவரி முதலாம் திகதி ‘கிளீன் ஸ்ரீலங்கா’ வேலைத்திட்டம் கோலாகலமாக ஆரம்பித்து வைக்கப்பட்டது. அத்திட்டத்தின் நேர்மையை உரைத்துப் பார்ப்பதற்குச் சிரமதானப் படங்களைவிடக் கேள்விப்பத்திரங்களே பொருத்தமானவை.

எனவே மூன்று நடவடிக்கைகளை நாம் வேண்டி நிற்கின்றோம். முதலாவது, அரச நிறுவனங்களின் துப்புரவுக் கேள்விப்பத்திரங்களில், வேதனமும் இரு நிதிகளும் அடங்கிய சட்டபூர்வமான தொகைக்குக் குறைந்த விலை மனுக்கள் ஆரம்பத்திலேயே நிராகரிக்கப்பட வேண்டும். இரண்டாவது, சேமலாப நிதி செலுத்திய பற்றுச்சீட்டைக் காட்டும் ஒப்பந்தகாரருக்கு முப்பது நாட்களுக்குள் பணம் செலுத்தப்பட வேண்டும். மூன்றாவது, ஒரு பிரதேசத்தின் சிறிய ஒப்பந்தங்களில் ஒரு பகுதி அப்பிரதேசத்துக் கூட்டுறவுகளுக்கும் பெண்கள் சங்கங்களுக்கும் ஒதுக்கப்பட வேண்டும். இவற்றுக்குப் பெரும் நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மனம் இருந்தால் போதும்.

மாம்புரியின் காற்றிலிருந்து பிறக்கும் மின்சாரம் தொலைதூர நகரங்களின் மாடங்களிலும் ஒளிர்கின்றது. அந்த மாடங்களைத் துடைப்பதற்காகவேனும் இவ்வூர்ப் பெண் ஊரைவிட்டுப் போகத்தான் வேண்டும் என்ற நிலை மாற வேண்டும். தனது ஊரின் விடுதியையும் வைத்தியசாலையையும் உரிய சம்பளத்துடனும் தலைநிமிர்ந்தும் அவர் துப்புரவு செய்யும் நாள் தூரத்தில் இருக்க வேண்டிய அவசியமில்லை. அடுத்த கேள்விப்பத்திரத்தைத் திறக்கும் அதிகாரியின் மேசையில் அது இருக்கின்றது.