சோதனை குறைய வேண்டாம், காத்திருப்பு குறையட்டும்

பலர் கூடிச் செய்யும் பணி எதுவாயினும், ஒருவர் மற்றவருக்காகக் காத்து நிற்க நேர்வது இயல்பே. மென்பொருள் ஆக்கமும் இன்று அத்தகைய கூட்டுப் பணியாகிவிட்டது. ஒருவரையொருவர் நேரிற் கண்டறியாத நூற்றுக்கணக்கானோர், பல நாடுகளிலிருந்து ஒரே மூலநிரலைத் திருத்தியும் பெருக்கியும் வளர்த்து வருகின்றனர். அப்பணியில் எழும் காத்திருப்பைப் பற்றிச் சில கருத்துகளை ஈண்டு முன்வைக்க விழைகின்றோம்.

ஒருவர் ஒரு வரியை மாற்ற, வேறொருவர் எழுதிய பகுதி பழுதுறலாம். இதனைக் கண்டறியும் பொருட்டு நிரலோடு சோதனைகளும் எழுதி வைக்கப்படுகின்றன. ‘இவ்வுள்ளீட்டிற்கு இவ்விடை வருதல் வேண்டும்’ என ஒவ்வொரு சோதனையும் ஒரு நிபந்தனை கூறும். புதிய திருத்தம் வந்ததும் கணிப்பொறியே அவற்றையெல்லாம் ஓட்டிப் பார்த்து, தேறிற்றா தவறிற்றா எனத் தீர்ப்புரைக்கும். இதுவே தானியங்கிச் சோதனை. தேறிய திருத்தமே பொது நிரலில் இணையும். தீர்ப்பு வரும்வரை எழுதியவர் காத்திருக்க வேண்டியதுதான்.

வரிசையின் கணக்கு

எடுத்துக்காட்டாக, ரஸ்ட் என்னும் நிரல்மொழியை உருவாக்கி வரும் திட்டத்தை நோக்குவோம். எல்லாச் சோதனைகளிலும் தேறிய நிரலே பொதுக் களஞ்சியத்தில் எப்போதும் இருத்தல் வேண்டும் என்பது அதனைத் தோற்றுவித்த கிரேடன் ஹோர் வலியுறுத்திய விதி. தனித்தனியே தேறிய இரு திருத்தங்கள் ஒன்றுசேர்ந்தபின் தவறக்கூடும். ஆதலால், இணைந்தபின் நிரல் எந்நிலையில் இருக்குமோ அந்நிலையையே முன்கூட்டிச் சோதித்து, தேறினால் மட்டும் இணைக்கும் ‘பார்ஸ்’ என்னும் காவல் நிரலை அவர்கள் அமைத்துக்கொண்டனர்.

விதி நன்று, ஆயின் அதற்கொரு விலையுண்டு. லினக்ஸ், விண்டோஸ், மேக் எனப் பல இயங்குதளங்களிலும் நடைபெறும் முழுச் சோதனை மணிக்கணக்கில் நீளும். ஒரு முறைக்கு 3 மணி நேரம் எனக் கொண்டால், ஒன்றன்பின் ஒன்றாக ஒரு நாளில் 8 திருத்தங்களே இணையும். வரிசையில் 40 திருத்தங்கள் நின்றால், கடைசியில் நிற்பவர் 5 நாள் காத்திருக்க வேண்டும்.

இவ்விழப்பு நேரத்தோடு முடிவதன்று. காத்திருப்பவர் வேறு பணியில் இறங்குகிறார். தீர்ப்பு வந்தபின் விட்ட இடத்தைத் தேடி மீண்டும் சிந்தையைச் செலுத்த வேண்டியிருக்கிறது. ‘ஒவ்வொரு சிறு திருத்தத்திற்கும் இத்துணைக் காத்திருப்பா?’ எனச் சலித்து, பல திருத்தங்களை ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பத் தொடங்குகிறார். பெரிய மூட்டையை மேற்பார்வையாளர் ஊன்றிப் படிப்பதில்லை; பிழைகள் நழுவுகின்றன; சோதனை தவறுகிறது; வரிசை மேலும் நீள்கிறது. காத்திருப்பே காத்திருப்பை ஈனும் இந்நச்சுச் சுழலில் முதலில் மனம் தளர்பவர், ஆர்வத்தோடு முதல் திருத்தத்தை அனுப்பிய இளைஞரே ஆவார்.

இரு தவறான மருந்துகள்

இதற்குச் சிலர் கூறும் மருந்து, சோதனைகளைக் குறைப்பது. இது காவலரை நீக்கிவிட்டுக் களவு குறைந்தது என மகிழ்வதையொக்கும். வேறு சிலர், ‘கணிப்பொறிகளைப் பெருக்கினால் போதும்’ என்பர். 60 நிமிடச் சோதனையை 6 பொறிகளுக்குப் பகிர்ந்தால் 10 நிமிடத்தில் முடியும் என்பது கணக்களவில் உண்மையே. ஆயின், அவற்றுள் ஒரு சோதனை மட்டும் 30 நிமிடம் ஓடுமாயின், நூறு பொறிகள் வைத்தாலும் 30 நிமிடத்திற்குக் குறையாது. ஒழுங்கில்லாத இடத்தில் பொருளைக் கொட்டிப் பயனில்லை.

நாம் வலியுறுத்துவது ஒழுங்கு. விரைவில் முடியும் சோதனைகள் முதலில் ஓட வேண்டும். நெடிய சோதனைகள் அவற்றில் தேறியபின்னர் ஓடலாம். ரஸ்ட் திட்டத்திலும் திருத்தம் வந்தவுடன் ஒரு பகுதிச் சோதனையே நடைபெறுகிறது. முழுச் சோதனை இணைப்பின் வாயிலில் நடைபெறுகிறது. ஊறு குறைந்த சிறு திருத்தங்களைத் தொகுத்து ஒரே சோதனையில் இணைக்கும் வழக்கமும் அங்குண்டு. தொகுதி தவறினால் குற்றவாளி யாரெனத் தேட நேரும் என்பதால், ஐயத்திற்குரிய திருத்தங்களைத் தொகுப்பில் சேர்க்கலாகாது எனக் குறித்து வைப்பர். கூகுள் 2015-இல் பொதுவில் வெளியிட்ட ‘பேசல்’ என்னும் கருவியோ, மாறாத பகுதிகளின் முன்னைய தீர்ப்பை நினைவிற் கொண்டு, அவற்றின் சோதனைகளை மீண்டும் ஓட்டாமல் விடுகிறது.

கென்ட் பெக் என்னும் அறிஞர் 2004-இல் வெளிவந்த தம் நூலின் இரண்டாம் பதிப்பில், நிரல் முழுவதையும் கட்டியெழுப்பி எல்லாச் சோதனைகளையும் ஓட்டுவதற்குப் பத்து நிமிடமே எல்லை என்றார். அதற்கு மேல் நீளும் சோதனையை மக்கள் அடிக்கடி ஓட்டமாட்டார்கள் என்பதே அவர் கூறிய காரணம். பெருந்திட்டங்களுக்கு இவ்வெல்லை எட்டாததாகலாம். ஆயினும் முதற்கட்டச் சோதனைக்கேனும் இதனை இலக்காகக் கொள்ளுதல் தகும்.

பொய்ச்சாட்சி கூறும் சோதனைகள்

இவை அனைத்தினும் கொடியதொன்று உண்டு. நிரலில் பிழையேதும் இல்லாதபோதும் சில சோதனைகள் ஒருமுறை தேறியும் மறுமுறை தவறியும் ஊசலாடும். கூகுள் நிறுவனம் 2016-இல் வெளியிட்ட செய்தியின்படி, அங்கு நடைபெற்ற சோதனை ஓட்டங்களுள் ஏறத்தாழ 1.5 விழுக்காடு இவ்வாறு ஊசலாடின. சோதனைகளுள் ஏறத்தாழ 16 விழுக்காட்டில் இக்குறை ஓரளவேனும் காணப்பட்டது.

இதன் கேடு சிறிதெனக் கருதற்க. 1000 சோதனைகள் உள்ளன. ஒவ்வொன்றும் ஆயிரம் முறைக்கு ஒருமுறையே பொய்யுரைக்கிறது எனக் கொள்வோம். அப்போதும், முழுச் சோதனையை 100 முறை ஓட்டினால் ஏறத்தாழ 63 முறை எங்கேனும் ஒரு பொய்த் தவறு தோன்றியே தீரும். ‘இன்னொருமுறை ஓட்டு’ என்பதே பழக்கமாகி, வரிசை இரட்டிப்பாகும். அதனினும் பெருங்கேடு, உண்மையான பிழையைச் சோதனை சுட்டும்போதும், ‘இது வழக்கமான பொய்தான்’ என நிரலாளர் புறக்கணிப்பது. நம்பிக்கை இழந்தபின் சாட்சியால் யாது பயன்?

காரணங்கள் பெரும்பாலும் எளியவை. சேவையகம் எழுந்திருக்கும் என நம்பி 5 விநாடி கண்மூடிக் காத்திருப்பது, முன்னைய சோதனை விட்டுச்சென்ற கோப்பைச் சார்ந்திருப்பது, வெளி வலையமைப்பை நாடுவது போன்றவையே அவை. சேவையகம் ஆயத்தமா எனக் கேட்டறிந்து தொடர்ந்தால், பொய்யும் ஒழியும். வீணே கழியும் விநாடிகளும் மிஞ்சும். உடனே திருத்த இயலாத சோதனையைத் தனியே ஒதுக்கி, அதனைச் சீராக்கும் பொறுப்பை ஒருவர் பெயரில் எழுதிவைத்தல் வேண்டும். பொறுப்பாளர் இன்றி ஒதுக்கப்பட்ட சோதனை, மறக்கப்பட்ட சோதனையே.

யாருடைய கடன்?

சோதனை வரிசை எல்லார்க்கும் பொது. ஆதலின் அதனைப் பேணுவார் எவருமிலர். புதுமை படைத்தவரைப் புகழ்கின்றோம். மந்தமான சோதனையொன்றை விரைவாக்கியவரை எவரும் அறிவதில்லை. ஊர்க் கண்மாயைத் தூர்வாருவதை ஒத்தது அப்பணி. தூர்வாரியவர் பெயர் மடையில் இராது. ஆனால் கடைமடைக்கு நீர் சென்று சேரும்.

மாணவச் செல்வங்களே! நாளை நீங்களும் இத்தகைய திட்டங்களில் பங்கேற்பீர்கள். திருத்தத்தை அனுப்புமுன் உங்கள் கணிப்பொறியிலேயே உரிய சோதனைகளை ஓட்டிப் பாருங்கள். சிறிதாக அனுப்புங்கள். நீங்கள் எழுதும் ஒவ்வொரு சோதனையும் எத்தனை விநாடி கொள்கிறது என அளந்தறியுங்கள். உங்களுக்கு ஒரு நிமிடமாகத் தோன்றுவது, நாளொன்றுக்கு நூறு முறை ஓடுமாயின் நூறு நிமிடம் ஆகும். பிறர் நேரத்தைத் தம் நேரம் போல் மதிப்பவரே கூட்டுப் பணிக்குத் தகுதியுடையவர் என்பது எம் துணிபு.